முதல் வாடிக்கையாளர்கள்



ஆப்பிரிக்கக் கலை பற்றி ஒரு சிறப்பிதழ் வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டு எழுதிவந்தீர்கள். ஓவியம், புகைப்படம், இசை மூன்றையும் சேர்த்தே கொடுங்கள் என்று உரிமையோடு அதட்டியவர்களும் உண்டு. கேட்டதைக் கொடுத்திருக்கிறோம், ஆனால் எல்லையைச் சுருக்கிக்கொண்டு. 54 நாடுகள் உள்ள ஒரு கண்டத்தை நூறு பக்கத்துக்குள் அடைத்தால் நாட்டுக்கு இரண்டு பக்கம்கூடத் தேறாது. வெறும் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொண்டோம். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் ஆற்றின் கரையில் இருக்கும் பமாக்கோ. மாலி நாட்டின் தலைநகர். கடந்த முக்கால் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர்கள் எடுத்த படங்களும் பாடிய பாட்டுகளும்தான் இந்த இதழ்.

அட்டைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1963ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு. கோட்டு சூட்டு போட்ட ஓர் இளைஞன், கவுன் அணிந்த ஒரு பெண். இருவர் தலையும் குனிந்து கிட்டத்தட்ட ஒட்டியிருக்க, கண்கள் கால்களைப் பார்க்கின்றன. அவள் காலில் செருப்பில்லை. அண்ணன் தங்கைக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறான். எடுத்தவர் மாலிக் சிதிபே. மாலியில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கிறிஸ்துமஸ் இரவு இளைஞர்களுக்கு ஆடுவதற்கு ஒரு நல்ல சாக்காக இருந்தது. நாடு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ரேடியோவும் இசைத்தட்டும் கொண்டுவந்த ட்விஸ்ட்டும் கியூபாவின் ரும்பாவும் பமாக்கோவின் வீட்டு முற்றங்களுக்குள் நுழைந்துவிட்டிருந்தன. பேட்டைக்குப் பேட்டை இளைஞர்கள் மன்றம் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை இரவு ஆட்டம், ஞாயிறு ஆற்றங்கரையில் குளியல், அரட்டை.

சிதிபே சொலோபா என்ற கிராமத்திலிருந்து படிக்க வந்தவர். பமாக்கோவின் கைவினைப் பள்ளியில் படித்துவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரரின் புகைப்படக் கடையில் வேலை கற்றார். பிறகு பகடாஜி என்ற பேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டார். கையில் எளிதில் தூக்கக்கூடிய கேமராவும் ஃபிளாஷும் இருந்ததால் சைக்கிளில் ஏறி ஒரே இரவில் நாலைந்து விருந்துகளுக்குப் போய்வருவார். நள்ளிரவுக்கு மேல் ஸ்டுடியோவுக்குத் திரும்பி விடியவிடிய ஃபிலிம் கழுவுவார். கழுவியதைச் சின்னச் சின்னப் பிரதிகளாகப் போட்டு, எண் எழுதி, வண்ண அட்டைகளில் ஒட்டி வெளியே வைத்துவிடுவார். தேர்வு முடிவு ஒட்டிய பள்ளிக்கூடப் பலகையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்ப்பதைப் போல, அந்த அட்டைகளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். யார் யாரோடு ஆடினார்கள், யார் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தனக்கு வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கிப்போவார்கள்.

இந்த இதழ் முழுக்க ஓடும் சரடு சிதிபே வெளியே வைத்த அந்த அட்டைகளில்தான் இருக்கிறது. இந்தப் படங்களை முதலில் பார்த்தவர், பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொன்னவர், கடைசியில் காசு கொடுத்தவர் எல்லாம் படத்தில் இருக்கும் ஆளேதான். அவருக்குப் பிடிக்காத படம் விலைபோகாது. படம் எடுப்பவர் பிழைக்க வேண்டுமானால் எதிரே நிற்பவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ அதைப் பிடித்துத் தந்தாக வேண்டும். அதற்கு முந்தைய காலத்தின் அஞ்சலட்டைகளை எடுத்துப் பாருங்கள். செனகலின் டக்காரில் கடை வைத்திருந்த ஃபோர்த்தியே போன்ற பிரெஞ்சுக்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார்கள். அவற்றில் பலவற்றில் ஆளுக்குப் பெயர் கிடையாது, இனத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். வாங்கியவர்கள் ஐரோப்பியர்கள். வாடிக்கையாளர் மாறியதும் படமும் மாறிவிட்டது.

சிதிபேக்கு ஒரு தலைமுறை மூத்தவர் சேய்து கெய்தா. தச்சு வேலை கற்றவர். 1935இல் செனகல் போய்வந்த சித்தப்பா ஒரு கோடாக் பிரவுனி கேமராவைக் கொண்டுவந்து கொடுக்க, அதில் தொடங்கியது ஆசை. புகைப்படப் பொருள்கள் விற்ற பியேர் கார்னியேயிடமும், பமாக்கோவின் மூத்த புகைப்படக்காரரான முந்தகா தெம்பெலேயிடமும் நுணுக்கங்களைப் பழகிக்கொண்டார். 1948இல் தன் வீட்டிலேயே ஸ்டுடியோ தொடங்கினார். ரயில் நிலையம் பக்கத்தில், சந்தை பக்கத்தில், மத்தியச் சிறைச்சாலையும் பக்கத்தில். டக்காரிலிருந்து வந்த ரயில்பாதை பமாக்கோ வழியாகப் போனதால் ஊருக்குள் வருவோர் போவோருக்குக் குறைவிருக்கவில்லை. அலுவலக எழுத்தர்கள், வியாபாரிகள், புதுமணத் தம்பதிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள் என்று ஊரே அந்த முற்றத்துக்கு வந்தது.

முற்றம் என்று சொன்னதற்குக் காரணம், பெரும்பாலும் வெயில் வெளிச்சத்தில்தான் அவர் படம் எடுத்தார். பின்திரைக்கு முதலில் மாட்டியது தன் சொந்தப் படுக்கை விரிப்பு. ஓரத்தில் குஞ்சம் தொங்கும் அந்த விரிப்பு சில ஆண்டுகள் உழைத்தது. பிறகு பூப்போட்ட துணி, இலைக்கோலம் போட்ட துணி என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க அவருக்கே அந்தத் திரைகள்தான் உதவின. கேமரா பெரியது, 13க்கு 18 சென்டிமீட்டர் நெகட்டிவ். அதைத் தாளின்மேல் அப்படியே வைத்து அதே அளவில் பிரதி போட்டுக் கொடுப்பார். ஃபிலிம் விலை கூடுதல் என்பதால் ஒரு வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கிளிக். ஆகவே எல்லா வேலையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தோளைக் கொஞ்சம் திருப்புவார், கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவார், துணியின் மடிப்பைச் சரிசெய்வார். கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, பிளாஸ்டிக் பூ, ஐரோப்பிய சூட்டு எல்லாம் ஸ்டுடியோவிலேயே தயாராக இருக்கும். ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கலாம். கொஞ்ச காலம் கழித்து அவர் வாங்கிய பெஜோ 203 காரும் பல படங்களில் பின்னால் நிற்கிறது.

இவையெல்லாம் இரவல் பகட்டுதானே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூப்போட்ட மேலங்கியோடு ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கும் படம் ஒன்று உள்ளே இருக்கிறது. விரிப்பிலும் கோலம், உடையிலும் கோலம், பின்திரையிலும் கோலம். எது எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்கு நடுவே முகம் மட்டும் அசையாமல் நிற்கிறது. 1950களின் கடைசியில் எடுத்த இன்னொரு படத்தில் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் அணிந்த இளைஞன் ஒருவன் ஒற்றைப் பூவை நம்மை நோக்கி நீட்டியிருக்கிறான். கோட்டு யாருடையதாக இருந்தாலும் அந்த நிற்பு அவனுடையது. அவனும் கெய்தாவும் சேர்ந்து உருவாக்கியது.

1960இல் விடுதலை. புதிய அரசு 1962இல் கெய்தாவைத் தன் புகைப்படக்காரராக எடுத்துக்கொண்டது. ஸ்டுடியோவை மூடவேண்டி வந்தது. 1977இல் ஓய்வு பெற்றார். அதன்பிறகு வண்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில் பெட்டியில் கிடந்தன.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1991இல் நியூயார்க்கில் இருபதாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கலைக்கு ஒரு பெரிய கண்காட்சி. அதில் பமாக்கோவில் எடுத்த சில படங்கள் இருந்தன. அடியில் எழுதியிருந்தது: புகைப்படக்காரர் பெயர் தெரியவில்லை. பமாக்கோவில் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருந்த படங்களின் முதுகில் தன் பெயரை ரப்பர் முத்திரையாகக் குத்திக்கொடுத்தவர் கெய்தா. கேட்டிருந்தால் தெருவில் போகிறவர் சொல்லியிருப்பார். படங்களைப் பார்த்து வியந்த ஜான் பிகோஸி என்ற சேகரிப்பாளர், பிரான்ஸைச் சேர்ந்த ஆந்த்ரே மான்யேனை பமாக்கோவுக்கு அனுப்பினார். அவர் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் சிதிபேயின் ஸ்டுடியோ. சிதிபே பார்த்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லிவிட்டார். தன் படங்களையும் வைத்துக்கொண்டிருந்த மனிதர், வந்தவரை மூத்தவரிடம் அழைத்துப்போனதை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இதை எல்லோருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

1994இல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளை கெய்தாவுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டு பமாக்கோவிலேயே ஆப்பிரிக்கப் புகைப்படத்துக்கென இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் விழா தொடங்கியது. சிதிபேக்கு 2003இல் ஹாசல்பிளாட் விருது. 2007இல் வெனிஸ் பியன்னாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம். அந்தச் சிங்கத்தைப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவர்தான். அதை வாங்கிய பிறகும் பகடாஜி ஸ்டுடியோவை அவர் விடவில்லை. 2016இல் காலமானார்.

மகிழ்ச்சியான முடிவுதான். ஆனாலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க எடுத்த படங்கள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஓர் ஆள் உயரத்துக்கு விரிந்தன. பல படங்களில் இருப்பவர்களின் பெயர் கூடவே போகவில்லை. ஒரு படத்துக்கு பமாக்கோவில் கொடுத்த காசுக்கும் ஐரோப்பிய ஏலத்தில் கேட்ட விலைக்கும் தொடர்பே இல்லை. 2001இல் கெய்தா இறந்த பின் நெகட்டிவ்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்காடும் அளவுக்குப் போனது. இன்னொரு பக்கம், 1980களில் கலர் ஃபிலிமும் தானியங்கி லேபும் வந்து கறுப்புவெள்ளை ஸ்டுடியோக்களின் பிழைப்பைப் பறித்திருந்தன. கேமரா பழுதுபார்த்து நாளை ஓட்டிய சிதிபே போன்றவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் உண்மையாகவே கைகொடுத்தது. இரண்டும் நடந்தன. இரண்டையும் எழுதியிருக்கிறோம்.

இனி பாட்டு. பமாக்கோவில் படத்தையும் பாட்டையும் பிரிக்க முடியாது, சிதிபேயின் படங்களில் கேட்காத இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. 1964இல் மாலி அரசு இளம் இசைக்கலைஞர்கள் சிலரைப் படிக்க ஹவானாவுக்கு அனுப்பியது. அங்கேயே அவர்கள் ‘லாஸ் மாரவியாஸ் தெ மாலி’ என்ற குழுவானார்கள். 1970இல் மாலி ரயில்வே தன் நிலையத்து ஹோட்டலில் ஒரு வாத்தியக் குழுவை அமர்த்தியது. ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் ஊர்க்காரர்களும் அங்கே வந்து ஆடினார்கள். அந்த ‘ரயில் பேண்ட்’ அந்தப் பகுதியின் மாந்தே மக்களுடைய பழைய வீரகாவியங்களை எலக்ட்ரிக் கிட்டாரோடும் சாக்ஸபோனோடும் பாடியது.

அதில் முதலில் பாடியவர் சலீஃப் கெய்தா. பெயரில் கெய்தா இருந்தாலும் புகைப்படக்காரருக்கு உறவு என்று எண்ணவேண்டாம், அங்கே அது பெரிய குலப்பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் வழிவந்த குலம். மாந்தே சமூகத்தில் பாடுவது ஜெலி என்ற பாணர் குலத்தின் தொழில். அரச குலத்தில் பிறந்தவன் பாட்டைக் கேட்கலாம், பரிசு கொடுக்கலாம், தானே பாடக் கூடாது. சலீஃபோ தோலில் நிறமியில்லாத அல்பினோவாகப் பிறந்தவர். ஆசிரியராகலாம் என்று பார்த்தால் கண்பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் குலவழக்கை மீறி பமாக்கோவின் மதுக்கடைகளில் பாடினார். 1973இல் போட்டிக் குழுவான லெஸாம்பாஸதருக்கு மாறினார், 1987இல் ‘சொரோ’ இசைத்தட்டு அவரை உலகத்துக்குக் கொண்டுபோனது. பாணர் மரபில் பிறந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பாதிச் சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்தி 21 நரம்பு கட்டிய கோரா என்ற யாழை துமானி தியாபாத்தே தனி வாத்தியமாகவே உயர்த்தினார். வடக்கே நியாஃபுங்கேயின் விவசாயியும் கிட்டார் கலைஞருமான அலி ஃபர்க்கா தூரேயும் அவரும் நைஜர் கரையில் பமாக்கோ ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து வாசித்த தொகுப்பு 2005இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது.

ஊமு சங்காரே சிறுமியாக இருந்தபோது பமாக்கோ தெருவில் தண்ணீர் விற்றுத் தாய்க்கு உதவியவர். இரண்டாம் மனைவியைத் தேடிப்போன தகப்பன் குடும்பத்தை விட்டுவிட்டான். இருபதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே அவர் வெளியிட்ட ‘முஸோலு’ கேசட் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பறந்தது. பலதார மணத்தையும் பெண்ணைக் கேட்காமல் முடிக்கும் கல்யாணத்தையும் வாசுலுப் பகுதியின் வேட்டுவர் இசையில் வைத்துத் தட்டிக்கேட்டார். அந்தக் கேசட்டை வாங்கியவர்கள் யார்? பமாக்கோவின் சந்தைப் பெண்கள். சங்காரேக்கும் முதல் வாடிக்கையாளர் ஊருக்குள்ளேதான் இருந்தார்.

2012இல் வட மாலியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசைக்கே தடை போட்டன. வாத்தியங்கள் எரிந்தன. செல்பேசியில் பாட்டு அழைப்பொலி வைப்பதுகூடக் குற்றமானது. பாடகர்கள் தெற்கே பமாக்கோவுக்கு ஓடிவந்தார்கள். திம்புக்துவின் புகழ்பெற்ற குரலான கைரா அர்பியும் அப்படி வந்தவர்தான். வந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து ‘சொங்காய் புளூஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். 2013இல் புகைப்பட விழா நடக்கவில்லை, 2015இல் திரும்பவும் கூடியது. 2020இலும் 2021இலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாட்டின் நிலைமை இன்னும் சீராகவில்லை. இத்தனைக்கும் நடுவில்தான் வேலை நடக்கிறது.

என்ன வேலை? அப்துலாயே கொனாத்தே துணிக் கீற்றுகளை அடுக்கடுக்காகத் தைத்து, சுவரளவு நிறங்களாக்குகிறார். பமாக்கோவின் கலைக் கல்லூரியை வழிநடத்தியவர் அவர். கெய்தாவின் பின்திரைத் துணிகளைப் பார்த்துவிட்டு அவர் படைப்புகளின் பக்கத்துக்கு வாருங்கள். துணியில் பேசுவது அந்த ஊருக்குப் பழக்கமான ஒன்று என்பது விளங்கும். 1980இல் பிறந்த ஃபத்துமாத்தா தியாபாத்தே, பெண்களுக்கென்று பமாக்கோவில் தொடங்கிய புகைப்படப் பயிற்சி மையத்தில் கற்றவர். 2013 முதல் பின்திரையும் பழைய பாணிப் பொருள்களும் எடுத்துக்கொண்டு தெருவில் நடமாடும் ஸ்டுடியோ போடுகிறார். வருகிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கலாம். ஸ்டுடியோ செத்துவிட்டது என்று சொன்னவர்களுக்கு இது நல்ல பதில்.

இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்தது. சிதிபே, அப்துரஹ்மான் சாகலி, அதாமா குயாத்தே, மமாது சிசே, திஜானி சிது போன்ற மாலிப் புகைப்படக்காரர்களின் நெகட்டிவ்களைத் துடைத்து, எண்ணிட்டு, டிஜிட்டலாக மாற்றினார்கள். மாலியின் புகைப்படக் காப்பகமும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பணி. தொடக்கத்தில் உதவியது பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம். அதே திட்டம்தான் நம் ஊர்களின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரிக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் உதவியது. லண்டன் நூலகத்தின் பட்டியலில் பமாக்கோ ஸ்டுடியோவும் தமிழ்நாட்டு ஸ்டுடியோவும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இல்லாவிட்டாலும் ஒரே அலமாரிக்காரர்கள்தாம்.

இதழைத் தொகுக்கும்போது எங்களுக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் எடுத்தவர் பெயர், ஊர், ஆண்டு. ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் பத்தாண்டு மட்டும். ‘ஆப்பிரிக்கப் பெண்’, ‘ஆப்பிரிக்க இளைஞன்’ என்று எந்தப் படத்துக்கும் தலைப்பு வைக்கவில்லை. கெய்தாவின் படங்கள் சிலவற்றை அவர் போட்டுக்கொடுத்த 13க்கு 18 அளவிலேயே அச்சிட்டிருக்கிறோம். பக்கத்தில் வெள்ளை கூடுதலாகத் தெரிகிறதே என்று எங்கள் வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். பிறகு அவரே சம்மதித்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் கையில் பிடித்த அளவில் நீங்களும் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

பாட்டு கேட்க நினைப்பவர்கள் முதலில் ரயில் பேண்டிலிருந்து தொடங்குங்கள். அடுத்து ஊமு சங்காரே. இரவு வேலையெல்லாம் முடிந்தபின் தூரேயும் தியாபாத்தேயும். மொழி புரியாதே என்ற கவலை வேண்டாம், பாடல்களின் பொருளைச் சுருக்கமாகத் தந்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோ ஏதேனும் இருந்தால், நெகட்டிவ் பெட்டிகள் இன்னும் பரணில் இருக்கின்றனவா என்று அந்த வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் ஈரம் படாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். உறைமேல் எடுத்தவர் பெயர், ஊர், தோராயமான ஆண்டு, படத்தில் இருப்பவர் தெரிந்தால் அவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை கசிந்து படத்தைக் கெடுத்துவிடும். எழுதியதை எங்களுக்கும் ஒரு வரி தெரிவித்தால் வாசகர் பக்கத்தில் தொடர்ந்து வெளியிடுகிறோம். பிற்காலத்தில் எந்தக் கண்காட்சியிலும் அவருடைய படத்துக்கு அடியில் பெயர் தெரியவில்லை என்று யாரும் எழுதக் கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்